கற்பு என்பது என்ன நகை

அந்தச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது ஒலிபெருக்கியில். எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எங்கள் ஊர் மாசித் திருவிழாவுக்கு அந்த வருஷம்தான் முதல் தடவையாக ரேடியோ செட் வைத்தார்கள். அதுவரை பம்பையும் உடுக்கையும் போதும் என்று இருந்த அம்மனுக்குத் திடீரென்று சினிமாப் பாட்டு கேட்க ஆசை வந்துவிட்டது என்று என் அக்கா கேலி செய்தாள். எங்கள் ஊர் இருக்கிற மலையில் அப்போது கரண்டு கிடையாது. கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து வந்த செட்டுக்காரர், பாதை இருக்கும்வரை ஜீப்பிலும் அதற்கு மேல் ஆள் தோளிலுமாக லாரி பேட்டரியை ஏற்றிக்கொண்டுவந்தார். கோயிலடிப் புளியமரத்தில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டினார்.

அவர் பெட்டியில் சாமிப் பாட்டு இசைத்தட்டு கொஞ்சம், கல்யாணப் பாட்டுத் தட்டு கொஞ்சம், கூடவே ஒரு படத்தின் கதைவசனத் தட்டும் இருந்தது. பாட்டைவிட வசனம்தான் எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. அந்தப் படத்தை எங்களில் யாரும் பார்த்ததில்லை. சினிமாக் கொட்டகை இருக்கிற ஊருக்குப் போகவே ஒரு பகல் நடக்க வேண்டும். அதனால் முகமே தெரியாத ஆட்கள் புளியமரத்தின் மேல் உட்கார்ந்து சண்டை போட்டார்கள், அழுதார்கள், சிரித்தார்கள். நாங்கள் கீழே உட்கார்ந்து கேட்டோம். போடு போடு என்று செட்டுக்காரரை விடாமல் கேட்டதில், திருவிழா முடிவதற்குள் வசனம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

அதில் ஒரு பெண் வருவாள். பணக்காரன் ஒருவன் அவளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவான். கதவுச் சத்தம் கேட்கும், அவள் கத்துவது கேட்கும், இடி இடிக்கும். கொஞ்ச நேரம் வயலின் அழும். பிறகு அவள் பேசுவாள்: "ஏழை எனக்கென்று இருந்தது அது ஒன்றுதானே. பெற்றவள் பொத்திப் பொத்திக் காக்கச் சொன்னதாயிற்றே. அதையும் சூறையாடிவிட்டானே பாவி. கற்பை இழந்த பிறகு இந்த உடம்பில் உயிர் எதற்கு?" தொபுக்கென்று கிணற்றில் விழுகிற சத்தம். மறுபடியும் வயலின்.

பணக்காரன் எங்களுக்குப் புரிந்தான். கிணறு புரிந்தது. கற்பு மட்டும் புரியவில்லை.

இதைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. தமிழ் பேசுகிற பெண்களுக்குக் கற்பு என்ற சொல்கூடவா தெரியாது என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பை நான் ஏற்கெனவே ஓர் இடத்தில் பார்த்திருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன். எங்களுக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை, அதனால் தெரியவில்லை. எங்கள் மலையில் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார்தான் பரியம் என்று பணம் கொடுத்துக் கட்டிக்கொண்டு போவார்கள். ஒத்துவராவிட்டால் பெண் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுவாள். ஊர் கூடிப் பஞ்சாயத்துக்கு உட்காரும். அவளை அடுத்துக் கட்டுகிறவன் பழையவனுக்குப் பரியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் தகப்பன் வீட்டோடு இருந்துவிடும். இதில் அழுகையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளையை விட்டுவிட்டு வருகிறவள் அழத்தான் செய்வாள். ஆனால் அவளைப் பற்றி யாரும் குரலைத் தாழ்த்திப் பேசியதில்லை.

என் அக்கா அப்படி வந்தவள்தான். குடித்துவிட்டு அடிக்கிறவனோடு சில வருஷம் இருந்து பார்த்துவிட்டு, ஒருநாள் விடிந்ததும் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அப்பா அம்மா இல்லாத எங்களுக்குப் பெரியம்மா வீடுதான் வீடு. அக்காவின் ஒரே பெண் அவள் தகப்பன் வீட்டில், ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் வளர்ந்தது. திருவிழாவுக்குத் திருவிழா அது எங்கள் ஊருக்கு வரும். வந்தால் அக்கா அதை மடியைவிட்டு இறக்க மாட்டாள். தலை பின்னுவாள், அவிழ்ப்பாள், மறுபடியும் பின்னுவாள். அந்த வருஷம் மலையின் இன்னொரு பக்கம் இருக்கும் நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஒருவர் அக்காவைக் கேட்டு வந்திருந்தார். அதிகம் பேசாத ஆள். சாமை அறுப்பு முடிந்ததும் பரியம் போடுவதாகப் பேச்சு.

திருவிழா முடிந்து புளி உலுக்கும் காலம் வந்தது. புளியை வெயிலில் காயவைத்து, ஓடு தட்டி, கொட்டை எடுப்பது பெண்கள் வேலை. கையில் கல்லும் வாயில் பேச்சுமாக நாள் முழுக்க உட்கார்ந்திருப்போம். அந்த வருஷம் பேச்சு முழுக்கக் கற்புதான்.

"அவளுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானாமே. அப்ப நகைதான்" என்றாள் ஒருத்தி.

"அம்மாகாரி குடுத்த நகை. பொத்தி வெச்சிக்கன்னு குடுத்திருக்கா" என்றாள் இன்னொருத்தி.

"மூக்குத்தியா இருக்கும்."

"மூக்குத்திய எப்பிடிம்மே பொத்தி வெக்கிறது? மூஞ்சியிலயில்ல இருக்குது" என்றாள் அக்கா.

பெரியம்மா கொட்டையை ஒதுக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். "அரைஞாணு. வெள்ளி அரைஞாணு. பொடவைக்கி உள்ள கெடக்கும், வெளிய தெரியாது. அதான் கதவ சாத்திக்கினு புடுங்கியிருக்கான்."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. ஒரு அரைஞாணுக்காகவா கிணற்றில் விழுவாள் என்ற கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. அடுத்தவன் பரியம் போடும்போது இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமே என்றாள் அக்கா. மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுப் பெண்களுக்கு நகை மேல் அவ்வளவு ஆசை என்று சொல்லிச் சிரித்தோம். அதற்குப் பிறகு யாராவது தோட்டுத் திருகைத் தொலைத்துவிட்டுத் தேடினால்கூட, "இன்னாமே, கற்ப தொலச்சிட்டியா?" என்று கேட்பது எங்களுக்குள் வழக்கமாயிற்று.

ஒருத்தரிடம் கேட்டும் பார்த்தோம். வாரத்தில் சில நாள் மேலே வந்து போகிற பள்ளிக்கூட வாத்தியார். நான் அவரிடம் கொஞ்ச காலம் படித்தவள், அதனால் என்னைத்தான் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். அவர் காது சிவந்துவிட்டது. "வயசுப் பொண்ணு கேக்கற கேள்வியா இது? போ, போய் வேலையப் பாரு" என்றார். அது என்ன என்று தெரிந்த ஒரே ஆள் எங்கள் ஊரில் அவர்தான். அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

புளியை வாங்க வருஷா வருஷம் கீழேயிருந்து ஒரு மண்டிக்காரரின் ஆள் ஜீப்பில் வருவான். பேச்சில் தேன் ஒழுகும். பெண்களை எல்லாம் தங்கச்சி தங்கச்சி என்பான். ஜீப் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் புளி மூட்டை அடுக்க ஒரு மண்கொட்டகை இருந்தது. ஒருநாள் பட்டப்பகலில், எங்கள் வீட்டு மூட்டையைக் காட்ட அக்கா அங்கே போனாள். அவன் கதவைச் சாத்தினான்.

நடந்ததை அக்கா எங்களிடம் மறைக்கவில்லை. நாங்கள் புளி தட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே நேராக நடந்து வந்தாள். ரவிக்கை கிழிந்திருந்தது. இடது மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. "மண்டிக்காரன் ஆளு என்ன பலவந்தம் பண்ணிட்டான். கைய முறுக்கி ஒடச்சிட்டான்" என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்து, வலது கையால் மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். பெரியம்மா கல்லைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். ஜீப் போய்விட்டிருந்தது.

இந்த மாதிரி நடந்தால் என்ன செய்வது என்பதற்கு எங்கள் மலையில் ஒரு வழி இருந்தது. செய்தவனை ஊர் நடுவில் நிறுத்துவார்கள். இன்னது செய்தேன் என்று அவன் தன் வாயால் எல்லோர் எதிரிலும் சொல்ல வேண்டும். சொல்லி, அந்தப் பெண்ணின் காலில் விழ வேண்டும். அதுவரை அவன் வீட்டில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அவன் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள். அதோடு அவள் பங்கு தீர்ந்தது. மிச்சம் எல்லாம் அவன் சுமக்க வேண்டியது.

ஆனால் இவன் மலையாள் இல்லை. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர், எங்களுக்கு மாமா முறை, அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அக்காவிடமே கேட்டார்.

"உனுக்கு இன்னாம்மா வேணும்?"

"அவன் நம்ம ஊருக்கு வரணும் மாமா. நான் இத செஞ்சன்னு அவன் வாயால சொல்லணும். எங்கால்ல வுழணும். அப்பறம் அவன் எங்கியாவது போய்த் தொலையட்டும்" என்றாள்.

"கீழ்நாட்டான நாம கூப்ட்டா வர மாட்டான். டேசன்ல சொன்னா அவங்க இட்டுக்கினு வருவாங்க" என்றார் அவர். போலீஸ் ஸ்டேஷன் என்பது கீழ்நாட்டாருக்கு ஊர் உட்காருகிற இடம் என்று அவர் நினைத்திருந்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

நெல்லிவாசல்நாட்டு ஆளுக்கும் விஷயம் போயிற்று. மறுநாளே மூலிகை கட்டுகிறவரைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டு முடிக்கும்வரை அக்கா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். போகும்போது, "கை சேரட்டும். அவசரம் இல்ல" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். அவர் விலகிப் போகாதது எங்கள் யாருக்கும் பெரிய விஷயமாகவே அன்று தோன்றவில்லை.

அக்கா, நான், ஊர்க்கவுண்டர் மூன்று பேரும் அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் கிளம்பினோம். நடந்து, ஜீப் ஏறி, பஸ் ஏறி, கீழே ஒரு டவுனுக்குப் போய்ச் சேர்ந்தோம். எந்த டவுன் என்று நான் சொல்லப்போவதில்லை. வழியெல்லாம் ஊர்க்கவுண்டர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். "நடந்தத நடந்த மாரியே சொல்லுமா. கூட்டாத, கொறைக்காத. நம்ம பக்கம் ஒரு பொய் இருந்தா அப்பறம் நாயம் நிக்காது." அக்கா தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது அந்த ஆள் அங்கேயே இருந்தான். பக்கத்தில் மண்டிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னாலேயே செய்தி போய்விட்டது. அவனைக் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள், நியாயம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஊர்க்கவுண்டர் சந்தோஷப்பட்டு என் காதில் சொன்னார். எங்களை நிற்கச் சொன்னார்கள்.

அக்கா சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மூட்டையைக் காட்டப் போனது, கதவைச் சாத்தியது, கத்தியது, கை உடைந்தது எல்லாம் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த ரைட்டர், கொஞ்சம் வயசானவர், பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"சுத்தி வளைக்காத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அவன் உன் கற்ப அழிச்சானா?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். புளியமரம், பெரியம்மா, வெள்ளி அரைஞாண். இவன் மேல் நகை பறித்த கேஸையும் சேர்த்துப் போடப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்கும் தோன்றியது. செய்யாததைச் செய்தான் என்று சொன்னால் நம் பக்கம் பொய் வந்துவிடும்.

"அது எங்கிட்ட ஏதுங்கய்யா" என்றாள் அக்கா. "எங்க மலையில யாருகிட்டயும் கெடையாதுங்க. அவன் எதையும் எடுத்துக்கினு போகலீங்க. பலவந்தம் பண்ணான், கைய ஒடச்சான். அதுக்குதான் வந்தம்."

சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரித்தார், வாசலில் நின்ற போலீஸ்காரர் சிரித்தார், மண்டிக்காரர் டீ சிந்தச் சிரித்தார். அந்த ஆள்கூட, அதுவரை தலையைக் குனிந்துகொண்டிருந்தவன், நிமிர்ந்து சிரித்தான். நான் முன்னால் சொன்ன சிரிப்பு அதுதான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கட்டுப்போட்ட கையை மற்றொரு கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"உனுக்கு எத்தினி புருசன்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒருத்தன வுட்டுட்டன். இன்னொருத்தர் பரியம் போட இருக்காருங்க" என்றாள். இதில் மறைக்க என்ன இருக்கிறது? மறுபடியும் சிரித்தார்கள்.

"கேட்டுக்கினியாய்யா?" என்று ரைட்டரிடம் சொன்னார் இன்ஸ்பெக்டர். "இல்லாதத எவன் அழிக்க முடியும்? அவளே சொல்றா. கெழவா, இட்டுக்கினு போ."

ஊர்க்கவுண்டர் நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "அவன் வாயால சொல்லட்டும்யா. செஞ்சியா இல்லியான்னு கேளுங்க. அது போதும் எங்களுக்கு" என்றார். யாரும் அவனைக் கேட்கவில்லை. போலீஸ்காரர் அவர் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பிவிட்டார்.

வெளியே டீக்கடைப் பக்கம் நின்றோம். எங்கே போவது என்று தெரியவில்லை. அந்த ரைட்டர் பின்னாலேயே வந்தார். உள்ளே சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். ஊர்க்கவுண்டரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய், "இன்னாய்யா அந்தப் பொண்ணு அப்பிடி சொல்லிடுச்சி? கற்புன்னா இன்னான்னு தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"நகைன்னு சொன்னாங்க" என்றார் ஊர்க்கவுண்டர்.

ரைட்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நகை இல்லய்யா. பொம்பள ஒரே ஒருத்தனோட இருக்கறதுக்குப் பேரு கற்பு. வேற ஆளு கை பட்டா போச்சு. அவளுக்கு மானம் போனாப்பல. அதத்தான் கேட்டாரு."

ஊர்க்கவுண்டர் யோசித்தார். நிஜமாகவே புரிந்துகொள்ளப் பார்த்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "அவன் பலவந்தம் பண்ணா இவுளுக்கு எப்பிடிங்க போவும்?"

"போவும்யா. அப்பிடித்தான்."

"அவனுக்குப் போவாதா?"

"ஆம்பளைக்கி அது கெடையாது."

"அப்ப எங்க பொம்பளைங்களுக்கும் அது கெடையாதுன்னு இந்தப் பொண்ணு சரியாத்தான சொல்லிச்சு?" என்றார் ஊர்க்கவுண்டர். ரைட்டர் உள்ளே போய்விட்டார்.

அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். மலை கண்ணுக்குத் தெரிந்த பிறகு, "அப்ப அந்த ரெக்கார்டு பொண்ணு எதுக்குடி கெணத்துல வுழுந்தா?" என்று கேட்டாள். "அவன்தான வுழுந்திருக்கணும்" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அந்த மண்டிக்குப் புளி போடுவதில்லை என்று ஊரில் முடிவு செய்தார்கள். வேறு மண்டியில் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள், கொடுத்தோம். அக்காவின் கை கோணலாகத்தான் சேர்ந்தது. நெல்லிவாசல்நாட்டு ஆள் சொன்னபடி சாமை அறுப்புக்குப் பிறகு பரியம் போட்டு அவளைக் கட்டிக்கொண்டார். கொஞ்ச காலம் கழித்து எங்கள் ஊரிலேயே அவளோடு வந்து இருந்துவிட்டார். ஊரில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஊர் நடுவில் ஒருவனை நிறுத்தி ஏதாவது பஞ்சாயத்து நடந்தால் அக்கா அங்கே போக மாட்டாள். "எனுக்கு வர வேண்டியவன் இன்னும் வர்ல" என்பாள்.

அக்கா ஸ்டேஷனில் சொன்ன பதில் மட்டும் கீழே நன்றாக வாழ்ந்தது. மண்டியில் சொல்லிச் சிரித்தார்கள், பஸ் ஸ்டாண்டில் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் பெண்கள் திருப்பத்தூர் சந்தைக்குக் கூடையோடு போனால், "மலைக்காரம்மா, கற்பு இருக்குதா, இல்ல மலையிலயே இல்லியா?" என்று கேட்கிறவர்கள் இருந்தார்கள். என்ன கேட்கிறார்கள் என்று இப்போது எங்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த மாசித் திருவிழாவில் செட்டுக்காரர் அதே வசனத் தட்டைப் போட்டார். கதவு சாத்தும் சத்தம் வந்ததும் பெரியம்மா எழுந்து போய், தட்டின் மேலிருந்த முள்ளைத் தூக்கி ஓரமாக வைத்தாள். அவர் வேறு தட்டைப் போட்டுக்கொண்டார்.

சொல் என்னவோ மலையில் தங்கிவிட்டது. வருஷங்கள் போகப் போக பஸ் வந்தது, கீழே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள், திருவிழாவுக்கு வீடியோ வந்தது. முகம் தெரியாமல் கேட்ட வசனத்தை முகத்தோடு பார்த்தோம். எல்லாப் படத்திலும் ஒரு கதவு சாத்தப்பட்டது, எல்லாப் படத்திலும் அந்தப் பெண் செத்தாள், அல்லது செய்தவனுக்கே அவளைக் கட்டிவைத்தார்கள். எங்கள் பெண்பிள்ளைகள் அதைப் பார்த்து அழுதார்கள். எனக்குப் பால்வாடியில் வேலை கிடைத்த சமயம் அது. புருஷனை விட்டுவிட்டு வந்த பெண்களைப் பற்றி எங்கள் ஊரிலேயே ஜனங்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அக்காவின் பெண்ணும் ஹாஸ்டலில் தங்கிப் படித்தது. நன்றாகப் படித்தது. லீவில் வந்தால் அம்மாவோடு உட்கார்ந்து புளி தட்டும், அம்மாவின் கோணல் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு தடவிவிடும். பிறகு வருவது குறைந்தது. தகப்பன் அதற்கு அடிவாரத்து ஊர் ஒன்றில் மாப்பிள்ளை பார்த்திருப்பதாகச் செய்தி வந்தது. பரியம் கிடையாது, கீழ்நாட்டு வழக்கப்படி கல்யாணம் என்றார்கள். அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. நல்ல புடவை ஒன்று எடுத்து வைத்திருந்தாள். கல்யாணத்தன்று பெண்ணுக்குத் தலை பின்னிவிடுவது தான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்தப் பெண் தனியாக வந்தது. நானும் அப்போது அங்கே இருந்தேன். புளிக் காலம்தான். அக்கா புளி தட்டிக்கொண்டிருந்தாள், அவள் வீட்டுக்காரர் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். பெண் உட்காரவில்லை. நின்றுகொண்டே, "கல்யாணத்துக்கு நீ வராதம்மா" என்றது.

அக்கா கல்லைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நான்தான் சொல்றேன். அங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. அவரு வூட்டுல பெரியவங்க ஒருத்தரு, அந்த டேசன் கதையில வர்ற பொம்பளையா உங்கம்மான்னு கேட்டாரு. நீயே டேசன்ல சொன்னியாமே."

"இன்னா சொன்னன்?"

அது அழுதுகொண்டிருந்தது. அதற்கு வயது என்ன ஆகியிருக்கும், இருபதை எட்டியிருக்காது. எனக்கு அதன் மேல் ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அந்த வீட்டில் வாழப்போவது அதுதான்.

"சொல்லு. இன்னா சொன்னன் நானு?"

"உங்கிட்ட கற்பு இல்லன்னு."

அக்கா தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், படவில்லை. என் பக்கம் திரும்பித்தான் பேசினாள். எனக்குத்தானே அன்றைக்கு நடந்தது தெரியும்.

"அவன் எங்கிட்டருந்து எதையும் எடுத்துக்கினு போகலன்னு அன்னிக்கி சொன்னன் இல்ல? அன்னிக்கி அது நெசம்டி. இன்னிக்கிதான் எடுத்துக்கினு போறான்."

பெண் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றது. அக்கா வீட்டுக்காரர் எழுந்து, ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். கல்யாணத்தன்று காலையில் அக்கா அந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டாள். அடிவாரம் தெரிகிற மலை ஓரத்துப் பாறைக்கு நானும் கூடப் போனேன். கீழே கல்யாணத்துக்குக் கட்டியிருந்த ரேடியோ செட் சத்தம் காற்று திரும்பும்போது மட்டும் எங்கள் காதில் விழுந்தது. பாட்டா வசனமா என்று தெரியவில்லை. கெட்டிமேளம் கேட்குமா என்று அக்கா கேட்டாள். இவ்வளவு தூரம் கேட்காது என்றேன். அப்படியும் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தாள்.